யாமினியும் எங்கட அக்காவும்

"எனக்கும் யாமினி மாதிரி ஒருத்தி கிடைச்சால் போதும் மச்சான்."

பேஸ்புக்கிலயும் டிக்டொக்கிலயும் இந்த வசனத்தை நீங்களும் கண்டிருப்பீங்கள். பின்னால ஜி.வி. பிரகாஷின்ர இசை ஓடும். ஒரு பெண் அழுது அழுது தரையைத் துடைக்கிற காட்சி வரும். கீழே பெடியள் வரிசையா இதயம் போட்டிருப்பாங்கள். 'மயக்கம் என்ன' படம் 2011 நவம்பர்ல வந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்தக் காட்சி சுத்திக்கொண்டுதான் இருக்கு. படம் வந்த நேரம் பள்ளிக்கூடம் போன எங்கட வயசு ஆக்களுக்கு, 'கஷ்டத்திலயும் விட்டிட்டுப் போகாத காதல்' எண்டால் முதல்ல நினைவு வாறது யாமினிதான்.

மனச்சோர்வு வந்த ஒரு ஆளோட கூட இருக்கிறது எப்படி எண்டு தமிழ்ப் படங்கள் எங்களுக்குச் சொல்லித் தந்தது மிச்சம் குறைவு. சொல்லித் தந்ததில பெரிய பங்கு இந்தப் படத்துக்கு இருக்கு. அதனாலதான் இதைப் பற்றி எழுதோணும் எண்டு நினைச்சன். இன்னொரு காரணமும் இருக்கு. எங்கட வீட்டில மூண்டு வருசமா யாமினியின்ர இடத்தில நிண்டது என்ர அக்கா. எழுத முதல் அக்காவிட்டயும் அத்தானிட்டயும் கேட்டனான். ரெண்டு பேரும் ஓமெண்டு சொன்னவை. அத்தான் ஒரு விசயத்தை மட்டும் எடுக்கச் சொன்னவர். அது இதில இல்லை.

முதல்ல படத்துக்கு வருவம்.

செல்வராகவன் இயக்கிய படம். தனுஷ் நடித்த கார்த்திக் ஒரு போட்டோகிராபர். காட்டு விலங்குகளைப் படமெடுக்கிறவனாக வரவேண்டும் என்பது அவனுடைய கனவு. அவன் எடுத்த படத்தை, அவன் மலைபோல நம்பியிருந்த ஒரு பெரிய போட்டோகிராபர் தன்னுடைய பேரில் போட்டுக்கொள்கிறார். அதில் கார்த்திக் உடைந்துபோகிறான். மாடியிலிருந்து விழுந்து தலையிலும் அடிபடுகிறது. அதற்குப் பிறகு குடி, கோபம், அடிதடி. ரிச்சா கங்கோபாத்யாய் நடித்த யாமினி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கூடவே இருக்கிறாள். ஒரு நாள் அவன் தள்ளிவிட்டதில் வயிற்றில் இருந்த பிள்ளை கலைந்துபோகிறது. அவள் துடைக்கிறது அந்த இரத்தத்தைத்தான். அதன் பிறகு அவனோடு பேசுவதை நிறுத்துகிறாள், ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. அவன் திருந்துகிறான், உழைக்கிறான், கடைசியில் பெரிய விருது வாங்குகிறான். மேடையில் நின்று அவளுக்கு நன்றி சொல்கிறான்.

இந்தப் படத்தில நல்ல விசயங்கள் இருக்கு. அதைச் சொல்லாமல் குறை மட்டும் சொன்னால் சரியில்லை.

ஒண்டு, நோயாளியை அழகாக்கவில்லை. எங்கட சினிமாவில் மனசு உடைந்த ஹீரோ என்றால் தாடி வளர்ப்பான், பாட்டுப் பாடுவான், நாங்கள் பாவப்படுவோம். கார்த்திக்கோடு ஒரு மணித்தியாலம் ஒரே அறையில் இருக்க ஏலாது. அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆண்களுக்கு வாற மனச்சோர்வு பலநேரம் கண்ணீராக வெளியே வராது. எரிச்சலாக வரும், குடியாக வரும், ஒண்டுமில்லாத விசயத்துக்குக் கத்துறதாக வரும். வைத்தியர்களும் இதைத்தான் சொல்லுகினம்.

ரெண்டாவது, யாமினிக்குக் கோபம் வருகிறது. கூட இருக்கிற ஆளுக்குக் கோபம் வரலாம் என்று ஒத்துக்கொண்ட தமிழ்ப் படம் எனக்குத் தெரிந்து வேறு அதிகம் இல்லை. அவளுடைய மௌனம் பொறுமை இல்லை, தண்டனை. பெடியள் போடுற வீடியோவில அந்தப் பகுதி வாறதில்லை.

மூண்டாவது, சுத்தி இருக்கிற ஆக்கள். நண்பர் கூட்டத்தில் ஒருத்தன் யாமினியிடம், நீ ஏன் இந்த மனுசனோட உன்ர வாழ்க்கையை வீணாக்கிறாய் என்கிற மாதிரிக் கதைத்து, தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறான். அவள் பொரிந்து தள்ளுகிறாள். உதவி என்று வாற எல்லாம் உதவி இல்லை என்று படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எனக்குப் பிரச்சினையான இடம். இந்த மனுசனுக்கு என்ன வருத்தம், அதுக்கு என்ன வைத்தியம் என்ற கேள்வி படத்தில் ஓரமாகவே நிற்கிறது. கிளினிக், குளிசை, திரும்பத் திரும்ப வைத்தியரிடம் போறது என்ற தொடர்ச்சி இல்லை. பிள்ளை கலைந்தது அவனுக்கு மருந்தாகிறது, விருது அவன் குணமானதுக்குச் சாட்சியாகிறது. அந்தப் பெண்ணின் இரத்தத்தைப் பார்த்துத்தான் ஒரு ஆண் திருந்துவான் என்றால், மற்ற வீடுகளில் இருக்கிற பெண்களுக்கு நாங்கள் என்ன சொல்லப்போகிறோம்? இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் தாங்கு என்றுதான் சொல்லுவோம். அக்காவுக்கும் அதைத்தான் சொன்னவை.

அத்தான் விவசாயி. தம்பலகாமம் தெரிந்தவர்களுக்கு இங்கே வயல் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணியில் விளையிற பூமி. ஆதிகோணநாயகர் கோயிலடியில் நின்று பார்த்தால் பச்சை முடியிற இடம் தெரியாது. 2021 மே மாதம் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் நாட்டுக்குள் கொண்டுவர ஒரேயடியாகத் தடை போட்டார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகம் நாடு முழுக்க விளைச்சல் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அத்தான் குத்தகைக்கு எடுத்த காணியும் சேர்த்துச் செய்தவர். அறுவடை செய்த நெல் வெட்டுக்கூலிக்குக்கூடக் காணாது. அக்காவின் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை எல்லாம் அடகில். அடுத்த சில மாதத்தில் டீசல் வரிசை, காஸ் வரிசை, பால்மா விலை. 2022 எப்படிப் போனதென்று உங்களுக்கும் நினைவிருக்கும்.

எல்லாருக்கும்தான் நட்டம். எல்லாரும் விழேல்லை. அத்தான் விழுந்தவர். ஏன் அவர் மட்டும் எண்டு கேட்டால் ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. காய்ச்சல் ஏன் எனக்கு மட்டும் வந்தது எண்டு கேக்கிற மாதிரித்தான் அதுவும்.

அவர் ஒரு நாளும் 'எனக்குக் கவலை' என்று சொல்லவில்லை. உடம்பு உழையுது என்றார். நெஞ்சுக்குள்ள பாரம் வைச்ச மாதிரி இருக்கு என்றார். விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிச்சால் பிறகு நித்திரை இல்லை. சோத்தைப் பிசைவார், வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். இரத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை. எங்கட ஆக்களுக்கு இதுக்குச் சொல்லே இல்லையோ என்று யோசித்துப் பார்த்தேன். இருக்கு. 'யோசினை' என்று சொல்லுவம். "அவருக்குக் கொஞ்சம் யோசினை கூட." அந்தச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கும். அதைத் தாண்டினால் அடுத்த சொல் 'விசர்'. நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் யோசினை என்ற இடத்திலேயே எல்லாரும் நின்றுகொள்ளப் பார்க்கிறார்கள். தாண்டினால் "அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்று பகிடி வரும். அங்கொடையில் இருக்கிறது தேசிய மனநல நிறுவகம், ஒரு ஆசுபத்திரி. ஆசுபத்திரியின்ர ஊர்ப்பேரை வசவாக்கி வைச்சிருக்கிற நாடு இது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்று ஒரு நூலே எழுதினார். போரும் சுனாமியும் கண்ட இந்த மாவட்டத்தில் வடு இல்லாத வீடு எங்கே? ஆனாலும் வடுவைப் பற்றிக் கதைக்கிறது பெரிய சம்பவங்களுக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. குண்டு விழுந்தால் மனசு உடையலாம், கடல் வந்தால் உடையலாம். நெல் விளையாமல் போனதுக்கு ஒரு ஆம்பிளை படுக்கையில் கிடந்தால் அது சோம்பல். ஊர் அப்படித்தான் சொன்னது. சொந்தக்காரர் சிலர் செய்வினை என்று நூல் கட்டினார்கள். அக்கா அதையும் தடுக்கவில்லை. "கட்டிறாக்கள் கட்டட்டும். கிளினிக்குக்குப் போற நாளில குறுக்க நிக்காமல் இருந்தாச் சரி" என்று சொன்னா.

அக்கா செய்ததெல்லாம் படமெடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். மாதத்தில் ஒரு நாள் விடிய எழும்பி, சந்திக்கு வந்து பஸ் பிடித்து, கிளினிக்கில் துண்டு எடுத்து, வாங்கில் இருத்தி, பேர் கூப்பிடும் வரை காத்திருக்கிறது. கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுத்தி வைக்கிறது. முதல் குளிசை குடித்து ரெண்டு கிழமையாகியும் ஒரு மாற்றமும் இல்லை என்று அத்தான் நிப்பாட்டப் பார்த்தபோது, இந்த மருந்து வேலை செய்யத் தொடங்கவே ரெண்டிலிருந்து நாலு கிழமை, சிலபேருக்கு அதுக்கு மேலயும் எடுக்கும் என்று வைத்தியர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுறது. சுகமான பிறகும் குறைஞ்சது ஆறு மாதம் விடாமல் குடிக்கோணும் என்பதை, அவர் சுகமானதுக்குப் பிறகு இன்னொரு தரம் சொல்லுறது. 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, இல்லாத குளிசையை வெளியே பாமசி பாமசியாகத் தேடினது. அன்று பெற்றோல் இல்லை. அக்காவும் நானும் சைக்கிளில் போனோம்.

வீட்டில் அவ கதைக்கிற விதம்தான் எனக்குப் பாடமாக இருந்தது. "ஏன் இப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டதே இல்லை. அவருக்கே பதில் தெரியாத கேள்வியைக் கேட்டு என்ன பிரயோசனம்? "இஞ்சாருங்கோ, கிணத்தடி மட்டும் வருவமா?" என்று கேட்பா. குளித்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வயலுக்கு வாங்கோ என்று கேட்கிற நாள் வர எட்டு மாதம் எடுத்தது. இடையில் வரம்பு வரை நடந்துபோய் நின்றுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள்தான் கூட.

ஒரு நாள் அத்தான், "நான் எல்லாருக்கும் பாரம்" என்று சொன்னார். இந்த மாதிரி வசனம் வந்தால் எங்கட வீடுகளில் என்ன செய்வோம்? "சீ, என்ன கதை கதைக்கிறியள்" என்று வாயை மூட வைப்போம். அக்கா அவர் பக்கத்தில் இருந்து நேராகக் கேட்டா: "சாகிற யோசினை வருதோ?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "ஓம்" என்றார்.

இதைப் பலபேர் கேட்கப் பயப்படுவார்கள், கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோமோ என்று. அப்படி நடப்பதில்லை என்று உளநல வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள். கேட்கிறது ஒரு ஆளுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. அன்றைக்கு அக்கா செய்த அடுத்த வேலை, வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் வீட்டிலிருந்து எடுத்து மாமா வீட்டில் வைத்துப் பூட்டினது. அடுத்த நாளே கிளினிக்குக்குப் போய் வைத்தியரிடமும் சொன்னா.

இந்த ஒரு விசயத்துக்குப் பின்னால் எங்கட நாட்டின் பெரிய கதை ஒன்று இருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேரில் கிட்டத்தட்ட 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான எண்ணிக்கைகளில் ஒன்று. கடும் நஞ்சுள்ள விவசாய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1998இல் என்டோசல்பானும் தடையானது. பத்து வருசத்தில் அந்த எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது, பிறகு இன்னும் இறங்கியது. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டத்தையும் 1998இல் நீக்கினார்கள். அந்தப் பத்து வருசத்தில் எங்கட ஆக்களுக்குக் காதல் கூடிவிட்டதா? கடன் குறைந்ததா? போர் முடிந்ததா? ஒன்றும் இல்லை. ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் போனது. அந்த ஒரு இரவைத் தாண்டினால், எத்தனையோ பேர் பிறகு தாங்களாகவே மீண்டுவருகிறார்கள். அரசாங்கம் சட்டத்தால் செய்ததை அக்கா ஒரு பூட்டால் செய்தா.

'3' படத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க ஏலாது. 2012இல் ஐஸ்வர்யா இயக்கியது. கொலவெறிப் பாட்டால் உலகம் முழுக்கத் தெரிந்த படம். அதிலும் தனுஷ்தான். ராமுக்கு இருமுனை மனநோய். மனைவி ஜனனிக்குத் தெரியக்கூடாது என்று நண்பனிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறான். நண்பன் செந்தில் வாக்கைக் காப்பாற்றுகிறான். கடைசியில் ராமைக் காப்பாற்ற முடியவில்லை. ஜனனிக்கு எல்லாம் தெரியவாறது அவன் செத்த பிறகு. இந்தப் படத்தை நண்பனின் விசுவாசக் கதையாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ரகசியத்தின் கதை. ஒரு ஆள் மட்டும் தெரிந்து வைத்திருக்கிற வருத்தம் ரெண்டு பேரையும் தின்னும்.

அக்கா யாருக்கெல்லாம் சொன்னா என்று எண்ணிப் பார்த்தேன். மாமியாருக்கு, எங்கட அம்மாவுக்கு, எனக்கு, பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தருக்கு, கடன் தந்த நெல் முதலாளிக்கு. ஐந்து பேர். ஒவ்வொரு ஆளுக்கும் சொல்ல முதல் அத்தானிடம் கேட்டுத்தான் சொன்னா. முதலாளியிடம் சொல்ல அவர் முதலில் சம்மதிக்கவில்லை, பிறகு தானே சொல்லச் சொன்னவர். அந்த முதலாளி வட்டியைக் குறைக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுறதை நிப்பாட்டினார். அதுவும் உதவிதான். 'ஓ காதல் கண்மணி'யில் பிரகாஷ்ராஜ் நடித்த கணபதியை எனக்குப் பிடித்ததும் இதனால்தான். மனைவி பவானிக்கு மறதி நோய். அவர் அதை ஒளிக்கவில்லை, வீட்டில் தங்க வந்த பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு நாள் பவானியைக் காணவில்லை என்றால் தேட நாலு பேர் இருக்கிறார்கள்.

இனி யாமினி செய்யாத ஒன்றை அக்கா செய்தா. ஒரு பின்னேரம் அத்தான் கோப்பையை எறிந்தார். யாரிலும் படவில்லை. சுவரில் பட்டு உடைந்தது. அக்கா ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டுக்கு வந்துவிட்டா. வர முதல் மாமியாரைக் கூப்பிட்டு, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு என்று சொல்லிக் கொடுத்து, வைத்தியருக்கும் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் வந்தா. ஒன்பது நாள் இருந்தா. "புருசனை வருத்தத்தோட விட்டிட்டு வந்திட்டாள்" என்று கோயிலடியிலேயே கதைத்தார்கள்.

அந்த ஒன்பது நாளில் அத்தானுக்கு ஒரு மாற்றமும் வரவில்லை. படமென்றால் வந்திருக்கும். அக்கா நித்திரை கொண்டா, அவ்வளவுதான் நடந்தது. முதல் ரெண்டு நாளும் எழும்பவே இல்லை. பிள்ளைகளை நான் பார்த்தேன். மூன்றாம் நாள் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டு, "எனக்கு அவரில கோவம் இல்லையெண்டு சொல்லமாட்டன் அம்மா" என்றா. அம்மா ஒரு புத்தியும் சொல்லாமல் தலையைத் தடவிக்கொண்டு இருந்தா. அம்மா சொல்லாமல் விட்ட அந்தப் புத்திக்காக நான் இன்றைக்கும் அவவுக்கு நன்றி சொல்லுவேன்.

வருத்தம் ஒரு ஆளுடைய நடத்தைக்குக் காரணமாக இருக்கலாம். அதுக்காக அடி வாங்கவேண்டிய கடமை இன்னொரு ஆளுக்கு இல்லை. இதை யாமினியிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த நண்பன் சொன்னதும் தன்னுடைய ஆசைக்காக. தாய் வீடு, சிநேகிதி, ஒரு வைத்தியர், யாராவது ஒரு ஆள் அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று படம் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

இதை வாசிக்கிற உங்களில் சிலபேர் இப்ப ஒரு ஆளைத் தாங்கிக்கொண்டு இருப்பீங்கள். காதலனாக இருக்கலாம், தங்கச்சியாக, ரூம்மேட்டாக இருக்கலாம். நீங்கள்தான் அவருக்கு மருந்து என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ. நீங்கள் மருந்து எடுக்கக் கூடப் போற ஆள். நேராகக் கேளுங்கோ. கேட்டிட்டுப் பதிலைக் கேட்டுக்கொண்டு இருங்கோ. தனிய தெரிஞ்சு வைச்சிருக்காதேங்கோ. அரச ஆசுபத்திரிகளில் மனநலக் கிளினிக் இலவசம். ஆசுபத்திரிக்குப் போக முதல் யாரிட்டயாவது கதைக்கோணும் எண்டால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம். வருத்தக்காரர் மட்டும்தான் எடுக்கோணும் எண்டில்லை, பார்க்கிற ஆளும் எடுக்கலாம். அப்படி யாரும் உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டில இருந்தால், "எப்படி அவர்?" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. "நீங்க சாப்பிட்டாச்சா?" எண்டும் ஒரு தரம் கேளுங்கோ. பிள்ளைகளை ஒரு பின்னேரம் பார்த்துக்கொள்ளுங்கோ.

அத்தான் இப்ப பாதிக் காணிதான் செய்யிறார். குத்தகைக் காணியை விட்டாச்சு. கடன் இன்னும் இருக்கு. கிளினிக் இப்ப மூண்டு மாதத்துக்கு ஒருக்கா, அதுக்கு அவர் தனியத்தான் போறார். சில நாளில் இன்னும் விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பார். அந்த நாளில் அக்காவை எழுப்பிச் சொல்லுவார்.

இதை எழுதி முடித்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். கோப்பை எறிந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது கிடக்கட்டும்" என்றார். பிறகு, "மருந்தை மாமா வீட்டில வைச்ச கதையை வெட்டிப்போடாத. இஞ்ச எல்லா வீட்டிலயும் அது கிடக்கு" என்றார்.